சன்னலைச் சாத்திவிட்டுச் சொல்லும் செபம்: எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

மரியே வாழ்க!

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவை அண்ணன்மாருக்கும், திருவிழாக் கமிட்டித் தம்பிமாருக்கும் நடுத்தெருவில் இருக்கும் பழைய மறைக்கல்வி டீச்சர் எழுதுவது. ஊர்ப் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு முதல் வரியிலேயே ஆள் தெரிந்துவிடும். வெளியூர்க்காரர்களுக்கு இராமநாதபுரம் கரையில், தென்கடல் ஓரத்தில் ஒரு ஊர் என்று தெரிந்தால் போதும். பக்கத்து ஊர்களிலும் இதே மாதிரிக் கூட்டம் நடக்கிறது, இதே மாதிரி முடிவு எடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அதனால்தான் தனியாகக் கையில் கொடுக்காமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் சுரூபம் வைத்த கெபிக்குப் பக்கத்தில் கூட்டம் போட்டீர்கள். பெண்கள் பக்கம் வேப்பமரத்தடியில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஜூன் 13 அந்தோணியார் திருநாள், கொடியேற்றத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. விசைப்படகுகள் ஏப்ரல் 15-லிருந்து கட்டிக் கிடக்கின்றன. ஜூன் 14 வரைக்கும் அப்படித்தான். மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வட்டிக்கே காணாது. தென்கடலில் கச்சான் காற்று எழும்பிவிட்டதால் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் பாடு (மீன் வரத்து) இல்லை. வருடா வருடம் நம் திருவிழா இந்த வறட்சியில்தான் வந்து விழுகிறது. தலைக்கட்டுக்கு 2,000 என்று போட்ட வரி பாதி வீட்டில் நிற்கிறது. கமிட்டியின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை.

அந்தக் கஷ்டத்தில் மூன்று முடிவு எடுத்தீர்கள். சப்பரத்துக்கும் அலங்கார வளைவுக்குமாக ஒரு குடும்பம் மூன்று லட்சம் தர முன்வந்திருக்கிறது, அதை வாங்கிக்கொள்வது. நவநாள் மாலைகளில் செபமாலையை ஐந்து பத்துக்குப் பதில் (ஒரு பத்து என்றால் பத்து அருள் நிறை மரியே) இரண்டு பத்தோடு முடித்து, ஏழரைக்கு லைட் மியூசிக்கைத் தொடங்கிவிடுவது. கோயில் மணிக்கு டைமர் வைத்து ஸ்பீக்கரில் அடிக்க விடுவது. மூன்றாவதற்குக் கைதட்டல்கூட விழுந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது நோட்டை. செயலாளர் தம்பி பேனாவை வைத்துக்கொண்டு "யார் பேர் போடறது?" என்று கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து ஒரு குரல், "பேர் வேண்டாம்ப்பா, ஒரு குடும்பம்னு போடு." அவனும் அப்படியே எழுதினான். அதற்கு மேல் வரியில் கருவாடு விற்கிற பாட்டி கொடுத்த 150 ரூபாய், பாட்டியின் பேர், தகப்பன் பேர், தெருப் பேர் எல்லாம் போட்டு எழுதியிருந்தது. 150 ரூபாய்க்கு முழு முகவரி இருக்கிறது, மூன்று லட்சத்துக்குப் பேர்கூட இல்லை. நம் ஊர்க் கோயில் நோட்டில் இப்படி ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்த மரத்தடியில் இருந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ராத்திரி போகிற படகு, கடல் அட்டை மூட்டை, அக்கரை இலங்கைக்குப் போகிற சரக்கு. இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்தின் மேல் கல்லெறிய எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

என் மாமனார் காலத்தில் அட்டை நேர்மையான தொழில். குளித்து எடுத்துவந்ததை வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, கரையிலேயே அண்டாவில் அவிப்பார்கள். அப்புறம் ஈர மணலில் புதைத்து ஒரு ராத்திரி விட்டு, காலையில் தோண்டி எடுத்துத் தேய்த்தால் மேலே இருக்கும் சுண்ணாம்புப் படலம் கழன்று வரும். திரும்பவும் அவித்துக் காயப்போட வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அந்த அண்டாவைத் துடுப்பால் கிண்டியிருக்கிறேன். பட்டப்பகலில், போகிறவர் வருகிறவரோடு பேசிக்கொண்டே. 2001-ல் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற அட்டவணை. அந்த வருடத்தோடு எங்கள் அண்டா பரணுக்குப் போய்விட்டது.

2008-ல் எஞ்சின் கடன் கழுத்தை நெரித்தபோது அண்டா இறங்கியது. என் வீட்டுக்காரர் ஒரு சீசன் போனார். ஒரே சீசன்தான். ஆனால் இந்த முறை அண்டா கரையில் இல்லை, என் கொல்லைப்புறத்தில். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் அடுப்பு. அந்த வாடை தெருவுக்குப் போகக் கூடாது என்று சன்னலைச் சாத்தினோம். ஆள் வந்துவிடக் கூடாது என்று வாசல் கதவைச் சாத்தினோம். எங்கள் வீட்டில் ஏழு மணிக்குக் குடும்பச் செபமாலை சத்தமாகத்தான் நடக்கும். பக்கத்து வீட்டு அக்கா அவர்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தே "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று பதில் சொல்லுவார்கள். அந்த சீசனில் சன்னல் சாத்தியதால் அவர்களுக்குக் கேட்கவில்லை, பதிலும் வரவில்லை. அப்புறம் நாங்களும் மெதுவாகச் சொன்னோம். அப்புறம் "இன்னைக்கு அசதி, படுத்துக்கிட்டே சொல்லிக்குவோம்" என்றோம். செபத்தை விட்டுவிடுவது என்று யாரும் முடிவெடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் பீடத்தில் திரி கருகிக் கிடப்பதைப் பார்த்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அவருடைய அப்பா, என் அப்பா, எல்லாரும் வள்ளம் இறக்கும்போது வலது கையில் கடல் தண்ணீரை அள்ளி நெற்றியில் சிலுவை போட்டு, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்திலும் சிலுவை போட்டு, "இயேசு மரி சூசை, பாட்டைக் கொடு, கரையைக் காட்டு" என்பார்கள். இவரும் அப்படித்தான். அந்த சீசனில் இவர் கை அணியத்துக்குப் போனதை ஒரு ராத்திரி பார்த்தேன். போய் நின்றது. என்ன கேட்பார்? பாட்டைக் கொடு என்று கேட்டால் எந்தப் பாட்டை? கடைசியில் "யாரும் வந்துறக் கூடாது" என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார். அதுவும் செபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரிடம் அதைக் கேட்டார் என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

தபசு காலத்தில் வேறு ஊரிலிருந்து வந்த ஒரு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "அந்தக் காசில் என்ன வாங்கினாய்?" என்று கேட்டார். கிரைண்டர் என்றேன். விற்கச் சொல்வாரோ என்று பயம், ஏனென்றால் அதை ரொம்ப ஆசைப்பட்டு வாங்கியிருந்தேன். விற்கச் சொல்லவில்லை. அதில் மாவரைத்து வாரம் ஒரு வீட்டுக்குக் கொடு என்றார். அந்தச் சாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, கிரைண்டர் இன்னும் ஓடுகிறது. சனிக்கிழமை மாவு எந்த வீட்டுக்குப் போகிறது என்று உங்களில் சிலருக்குத் தெரியும், ஏன் போகிறது என்று இன்றைக்குத்தான் தெரியும்.

சரி, என் கதை போதும். அந்தக் குடும்பத்துப் பையன் என்னிடம் மறைக்கல்வி படித்தவன். பத்துக் கட்டளையையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். கூட்டம் முடிந்த மறுநாள் கடைத்தெருவில் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே அவன் சொன்னான்: "டீச்சர், கோயிலே வாங்குதுன்னா தப்பு இல்லைன்னுதானே அர்த்தம்?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாம் மக்கபேயர் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். எலயாசர் என்று ஒரு மறைநூல் அறிஞர், வயது 90. யூதர்களுக்கு விலக்கப்பட்ட பன்றி இறைச்சியைச் சாப்பிடச் சொல்லி அரசன் ஆட்கள் கட்டாயப்படுத்துகிறார்கள். அங்கே பொறுப்பில் இருந்தவர்கள் அவருக்கு ரொம்ப நாள் பழக்கம். அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய், "நீங்கள் சாப்பிடக்கூடிய இறைச்சியை நீங்களே சமைத்துக் கொண்டுவாருங்கள், அரசன் சொன்னதைச் சாப்பிடுகிற மாதிரி பாவனை காட்டுங்கள், உயிர் தப்பலாம்" என்கிறார்கள். பாருங்கள், கெட்டவர்கள் சொன்ன யோசனை இல்லை இது. நண்பர்கள் அன்போடு சொன்னது. சட்டத்தையும் மீறவில்லை, வாயில் போவது சுத்தமான இறைச்சிதான். எலயாசர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வயதில் நான் நடித்தால், 90 வயதில் எலயாசரே மாறிவிட்டார் என்று இளைஞர்கள் நினைப்பார்கள், என்னால் அவர்கள் வழிதவறுவார்கள் என்றார். அடித்தே கொன்றார்கள்.

27 வருடம் இந்த அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பன்றி இறைச்சி, அரசன், வீரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். "ஒரு குடும்பம்" என்று நோட்டில் எழுதினோமே, அதுவும் ஒரு பாவனை என்று அந்தப் பையன் கேட்ட பிறகுதான் உறைத்தது. பாவனை யாருக்காக? கடவுளுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், போலீசுக்கும் தெரியாமலா இருக்கும். அந்தப் பையன் ஒருவனுக்காகத்தான். அவனுக்கு நாம் எழுதிக்கொடுத்த மன்னிப்புச் சீட்டு அது. எழுதிக்கொடுக்கும் அதிகாரம் கமிட்டிக்கு யார் தந்தது என்று ஃபாதர்தான் சொல்ல வேண்டும்.

நம் கரையில் பணமும் கோயிலும் சேர்ந்து நடந்ததன் விளைவு புதிதும் இல்லை. மண்டபத்துக்கு இந்தப் பக்கம் வேதாளை இருக்கிறதே, பஸ்ஸில் போகும்போது எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்போம்? 1549-ல் அங்கேதான் அந்தோணி கிரிமினாலி என்கிற இத்தாலிக்காரச் சாமியார் கொல்லப்பட்டார். சேசு சபையின் முதல் இரத்தசாட்சி. தாக்கியது தெலுங்கு பேசிய வடுகர் படை. அது ஏன் வந்தது என்பதைப் பிரசங்கத்தில் நான் கேட்டதில்லை, படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே இருந்த போர்த்துக்கீசியத் தளபதி, இராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போகிற யாத்ரிகர்களை மறித்து வரி கேட்டான். இன்னொருவர் பக்தியை மறித்து நின்று காசு பார்த்தது சிலுவைக் கொடி பிடித்தவன். கப்பலில் ஏறித் தப்பிக்க வழி இருந்தும் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டுக் கரையில் நின்றவர் கிரிமினாலி. ஈட்டி வாங்கியது அவர்.

ஓரியூர் உங்களுக்குத் தெரிந்ததுதான். செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு வருகிறோம். அருளானந்தர் என்கிற போர்த்துக்கீசியச் சாமியார் 1693 பிப்ரவரி 4-ல் அங்கே தலை வெட்டப்பட்டதற்குக் காரணம் தடியத் தேவரின் ஞானஸ்நானம். தேவர் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மரபில் வந்தவர், பல மனைவிகள். ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒருவரோடு மட்டும்தான் வாழ வேண்டும் என்று அருளானந்தர் சொல்லிவிட்டார். பெரிய இடத்து ஆள், கொஞ்சம் கண்ணைச் சாய்த்திருந்தால் மறவர் நாட்டில் கோயிலுக்கு எவ்வளவு செல்வாக்கு கிடைத்திருக்கும்! அவர் சாய்க்கவில்லை. தள்ளிவைக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி சேதுபதியின் உறவுக்காரி, அவள் போய் முறையிட்டாள். (அந்தப் பெண் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு நாள் காலையில் எழுந்து, இனி நீ மனைவி இல்லை என்றால் யார்தான் பொறுப்பாள்? ஓரியூருக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கும் ஒரு அருள் நிறை மரியே சொல்லிவிட்டுத்தான் வருவேன்.)

உங்கள் பக்கத்து வாதங்களையும் கேட்டேன். மரத்தடிக்கு எல்லாம் கேட்கும். "அட்டைத் தடையே அநியாயம், அக்கரையில் அதை வளர்த்தே விற்கிறான், நமக்கு மட்டும் ஜெயிலா?" என்றார் ஒரு அண்ணன். அநியாயம் என்று நினைத்தால் மனு எழுதுங்கள், உண்ணாவிரதம் இருங்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காருங்கள், நானும் வந்து உட்காருகிறேன். என் மாமனார் தொழில் அது. அதைப் பகலில் கேட்பதற்கும் ராத்திரியில் எடுப்பதற்கும் இடையில்தான் என் வீட்டுச் சன்னல் மூடியது. "இரட்டைமடி வலை போட்டுக் கடலையே வழிக்கிறவனிடம் கோயில் வாங்கவில்லையா, அவனை மட்டும் ஏன் கேட்கவில்லை?" என்றார் இன்னொருவர். நல்ல கேள்வி. அவனிடமும் வாங்கியிருக்கக் கூடாது. அப்போது நான் வாய் மூடி இருந்தது என் தப்பு.

"காசு இல்லாவிட்டால் கூட்டம் வராது" என்பதுதான் எல்லாரையும் தலையாட்ட வைத்தது. கச்சத்தீவு அந்தோணியார் கோயிலுக்கு நீங்கள் எல்லாரும் போயிருக்கிறீர்கள். அங்கே குடியிருக்க ஆள் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. பெயர் பதிந்து, வரிசையில் நின்று, படகில் வாந்தி எடுத்துக்கொண்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு போகிறோம். சாயங்காலம் சிலுவைப்பாதை, மறுநாள் காலையில் பூசை, சின்னத் தேர். வெயிலில் மணலில் முழங்கால் போட்டுவிட்டு வருகிறோம். இக்கரையிலும் அக்கரையிலும் இருந்து ஆயிரக்கணக்கில் சனம் வருகிறது. அங்கே யார் லைட் மியூசிக் வைத்தார்கள்?

கடவுளுக்கு உண்மையாய் இருப்பதைப் பற்றி நான் பாடம் படித்தது பாதி நம் கோயிலில், பாதி கரையில். கரையில் மீன் எடுக்க வருகிற பாய் ஒருவர். பாறை மீனும் விளமீனுமாக நல்ல பாடு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, தராசில் பாதி நிறுத்தவர், தொழுகைக்கு நேரமாச்சு என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பாய், மீன் கெட்டுப்போயிரும், இந்த நேரத்துல வேற ஆள் வந்து எடுத்துட்டாலும் எடுத்துருவான்" என்றேன். "ஐஸ் போட்டிருக்கேன் தாயி. எடுத்தா எடுக்கட்டும்" என்று போய்விட்டார். அன்றைக்கு வேறு ஆள் வந்து எடுத்தும் விட்டான். திரும்பி வந்து பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, தராசைத் தூக்கி வண்டியில் வைத்தார். அடுத்த வெள்ளியும் அதே நேரத்தில் எழுந்தார். நம் செபமாலையில் மூன்று பத்தைக் குறைப்பதற்கு நமக்கு ஒரு கீபோர்டு வாசிக்கிறவர் போதுமாக இருந்தது.

பாம்பன் சின்னப்பாலத்துப் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்களையும் நினைக்கிறேன். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவு ஓரத்தில் முங்கி எடுக்கிறவர்கள். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது, பாசி தழைக்கிற பருவத்தில் கடலுக்கே போவதில்லை என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். தண்ணீருக்குள் யார் வந்து எண்ணப்போகிறார்கள்? வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாளிலும் கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்.

மணி விஷயம். இதற்குத்தான் நான் முதலில் சண்டைக்கு வந்திருக்க வேண்டும், கைதட்டல் சத்தத்தில் விட்டுவிட்டேன். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. ஆள் வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் தமிழில் எழுதி மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியிருக்கிறார். 1544-ல் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். தமிழை உளறியிருப்பார், பிள்ளைகள் சிரித்திருக்கும். ஆனால் மணியை ஆட்டிய கை ஒரு மனுஷன் கை.

நம் கோயில் மணி காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு என்று திரிகால செபத்துக்கு அடிக்கிறது. உபதேசியார் இருந்தவரை அவர் அடித்தார். அவருக்குப் பிறகு யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர்கள். சில நாள் ஆறே கால் ஆகும், சில நாள் மதிய மணியே இருக்காது. அதற்காகத்தான் டைமர் என்கிறீர்கள். ஸ்பீக்கர் தவறாமல் அடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கயிற்றைப் பிடிக்கிற ஆளாவது அந்த நேரத்தில் செபம் சொன்னான். இனி அந்த ஒரு ஆளும் வேண்டாம் என்று ஆகிவிடும்.

தானியேலுக்கும் மூன்று வேளைதான் கணக்கு. 30 நாளைக்கு அரசனைத் தவிர வேறு யாரிடமும் வேண்டக் கூடாது என்று தாரியு மன்னன் கையெழுத்துப் போட்டான். முப்பதே நாள்! சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே முழங்கால் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மனசுக்குள் சொல்லியிருந்தால் கடவுளுக்குக் கேட்காமலா போயிருக்கும்? அவரோ எருசலேமைப் பார்த்த மாடிச் சன்னல் திறந்திருக்க, முன்பு செய்துவந்தபடியே செய்தார் என்று எழுதியிருக்கிறது. அந்த "முன்பு செய்துவந்தபடியே" என்ற வார்த்தையை நான் 2008-க்குப் பிறகுதான் நின்று படித்தேன். சட்டத்துக்கு எதிராக அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. கூட்டம் சேர்க்கவில்லை, கத்தவில்லை. சிங்கக் குகையைப் பிள்ளைகள் படம் வரைந்து கொண்டுவரும், யாரும் சன்னலை வரைந்ததில்லை.

இனி என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். மூன்று லட்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஊர் முன்னால் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். ஃபாதரும் தலைவரும் ராத்திரி அவர்கள் வீட்டுக்குப் போய், ஒரு காப்பி குடித்துவிட்டு, பையன் கையில் கொடுங்கள். "கோயிலுக்கு நீ வேணும், இந்தக் காசு வேண்டாம்" என்று ஃபாதர் வாயால் சொன்னால் போதும். அவனுக்கும் எஞ்சின் கடன் இருக்கிறது என்று கேள்வி. அதற்கு மீனவர் சங்கத்தில் என்ன வழி இருக்கிறதென்று அங்கேயே உட்கார்ந்து பேசுங்கள். அதைப் பேசாமல் காசை மட்டும் திருப்பினால் நாம் கை கழுவினோம் என்றுதான் ஆகும்.

சப்பரம் பழையதே போதும். இடது பக்கச் சக்கரத்தில் கட்டை விட்டிருக்கிறது, ஆசாரியைக் கூப்பிட்டால் இரண்டு நாள் வேலை. வளைவு இல்லாவிட்டால் தென்னங்கீற்றுத் தோரணம். கொடிமரத்துக் கயிறு என் செலவு. அசன விருந்துக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஒரு படி அரிசி வாங்குங்கள், படகு இல்லாத வீட்டிலும் ஒரு படி இருக்கும். செபமாலை ஐந்து பத்தும் வேண்டும். நீளம் என்று தோன்றினால் பிள்ளைகளைத் தெருவுக்கு ஒரு பத்து என்று பிரித்துச் சொல்ல வைக்கலாம், நான் பழக்கித் தருகிறேன். அப்புறம் பாட்டுக் கச்சேரி வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் பாட்டு பிடிக்கும்.

மணிக்கயிற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். வயது 63, முழங்கால் வலிக்கும், ஆனால் கை நன்றாக இருக்கிறது. காலையும் சாயங்காலமும் நான் அடிக்கிறேன். மதியம் மட்டும் பேரன் பள்ளிக்கூட லீவு முடிகிற வரை அவன் அடிப்பான். அதற்குப் பிறகு யாராவது ஒருவர் பெயர் கொடுங்கள், நோட்டில் முழுப் பேரோடு எழுதிக்கொள்வோம். வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறேன். கோயில் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். டைமரையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து அடித்தால் கரையில் இருக்கிறவர்கள் ஏதோ படகுக்கு ஆபத்து என்று ஓடிவந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
நடுத்தெரு டீச்சர்